சுகர் போட்டிருக்கேன்

ஜூலை 9

பன்னிரண்டு நாள் காய்ச்சல். செல்வதாஸ் அண்ணனை நான் லேபில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாயிற்று. காற்றாலைகளில் ஏறி இறங்குகிறவன், படுக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறான். அவன் மனைவி ஜெபகுமாரி மைனிதான் துணைக்கு. ரத்தத்தை நானே எடுத்து லேபில் கிருமி வளர வைத்தேன்.

ஜூலை 11

கிருமி வளர்ந்துவிட்டது. எது என்று தெரிய வேண்டும். சிவப்புத் திரவத்தில் குழாய்க்கு ஒரு சர்க்கரை – குளுக்கோஸ், லாக்டோஸ், சுக்ரோஸ். கிருமி எதைப் புளிக்கவைக்கிறதோ அந்தக் குழாய் மஞ்சளாகும். லேபில் இதை 'சுகர் போடுறது' என்போம்.

மதியம் மைனி போன் செய்தாள். "என்னா நோயின்னு தெரிஞ்சுதாட்டி?"

"சுகர் போட்டிருக்கேன் மைனி. நாளைக்குத் தெரியும்."

வேலை அவசரம். வைத்துவிட்டேன்.

ஜூலை 12

குளுக்கோஸ் மட்டும் மஞ்சள், வாயுக் குமிழ் இல்லை. மற்ற இரண்டும் சிவப்பாகவே இருந்தன. டைபாய்டு சீரத்தோடு கலந்து பார்த்ததும் ஒத்துப்போனது. டைபாய்டு.

வார்டுக்கு ஓடினேன். கட்டில் காலி. நேற்று மாலையே தாங்களாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்களாம். "சுகருக்கா இங்க கெடக்கணும்?" என்று அண்ணன் நர்ஸிடம் கேட்டானாம்.

சுகர்! ஐயோ, நான் சொன்ன சுகர். நேற்று வேலை முடிந்ததும் அவனைப் பார்க்காமல் ஏன் பஸ் பிடித்தேன்?

போனை யாரும் எடுக்கவில்லை. ராஜாக்கமங்கலத்தில் அவர்கள் வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். அண்ணன் வேர்த்துக் குளிர்ந்து கிடந்தான், வயிறு பலகை மாதிரி இறுகி. விடியற்காலையிலிருந்தே அப்படியாம்.

"சுகர் எறங்கிட்டுன்னு கருப்பட்டித் தண்ணி குடுத்தேன்" என்றாள் மைனி.

ஜூலை 14

டைபாய்டு குடலில் ஓட்டை போட்டிருந்தது. ஆபரேஷன் செய்தும் பலனில்லை. அண்ணன் போய்விட்டான்.

ஆகஸ்ட் 2

மைனி உறங்குவதே இல்லை. இன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுகர் உள்ள ஆளுக்குக் கருப்பட்டி குடுத்து நாந்தான் கொன்னேனா? நீ படிச்சவ, நெசத்தைச் சொல்லு."

டீ போட்டு வருகிறேன் என்று கையை விடுவித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும் முன்னமே ஓட்டை விழுந்திருக்கலாம் என்று சர்ஜன் சொன்னார் – அதற்குப் பின்னால் எத்தனை நாள் ஒளிவது? எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5

சொல்லிவிட்டேன். அண்ணனுக்குச் சுகரே இல்லை, அது கிருமிக்குப் போட்ட சர்க்கரை, ஒழுங்காச் சொல்லாதது என் தப்பு – எல்லாம்.

மைனி அழவில்லை. "அப்போ அங்கயே கெடந்திருந்தா அவிய பொழைச்சிருப்பாவளா?"

"பொழைச்சிருக்கலாம் மைனி" என்றேன்.

ஆகஸ்ட் 19

அண்ணன் மகள் ஸ்மைலின் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "அத்தை, அம்மா இப்ப நல்லா ஒறங்குகா. நீங்க இனி வீட்டுக்கு வரண்டாம்னு சொல்லச் சொன்னா."

சரி மக்கா என்று பதில் போட்டேன்.