பனியில் போன மூன்று விரல்கள்

பெருமதிப்பிற்குரிய தங்கள் திருவடிகளுக்குப் பணிவான வணக்கம்.

தாங்கள் மறைந்து நான்காவது உப்புப் பருவம் தொடங்கிய பின்னரே இம்மடலை எழுத அமர்ந்திருக்கிறேன். காலதாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தக்க காரணமின்றித் தங்களைத் தொந்தரவு செய்யலாகாது என்றிருந்தேன். இன்று காரணம் வீடு தேடி வந்துவிட்டது.

காலையில் கன்னியம்மாள் வந்தாள். அவள் படியேறுமுன் வேப்பெண்ணெய் நெடி உள்ளே வந்தது. உப்பளத்தில் இறங்குமுன் குதிகாலிலிருந்து விரலிடுக்கு வரை எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்று தாங்கள் போட்ட கட்டளையை அவள் இன்னும் மீறவில்லை. அந்த நெடி பட்டதும், தாங்களே வாசலில் நின்று தொண்டையைச் செருமியது போல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவளுடன் நம் வார்டு உறுப்பினரும் வந்திருந்தார். இளவயது, நல்ல பிள்ளை. உப்பளத்து ஆட்கள் வெயிலுக்கு ஒதுங்கப் புதிதாகக் கட்டியிருக்கும் கட்டடத்துக்குத் தங்கள் பெயரை வைக்கிறார்களாம். ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்டுப் பெற்ற பெயர் அது. இதைக் கேட்டபோது என் நெஞ்சு எவ்வளவு விம்மியது என்பதைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாசலில் பதிக்கும் கல்லுக்கான வாசகத்தை அவர் படித்துக் காட்டினார்: ‘பகைவர் குண்டுக்குத் தம் கால்விரல்களை ஈந்த மாவீரர்.’

குண்டு படவில்லை என்று சொன்னேன்.

“இன்னா பெரிம்மா இப்படிச் சொல்றீங்க? ஊரே குண்டுன்னுதானே சொல்லுது!”

“பனியில் போனவை” என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “பனின்னு போட்டா ஜனங்க சிரிக்கும் பெரிம்மா. மரக்காணத்துல எவன் பனியப் பாத்தான்? ஃபிரிட்ஜ் கதவத் தொறந்தா பாக்கறதுதான்.”

குண்டு ஊருக்குள் எப்படி வந்தது என்பதை நான் அறிவேன். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போர் முடிந்து, இராணுவ மருத்துவமனையிலிருந்து ஊன்றுகோலுடன் தாங்கள் பேருந்தை விட்டு இறங்கியபோது, டீக்கடையில் கேட்டார்களாம். “மலையில போச்சு” என்று மட்டும் சொன்னீர்களாம். தாங்கள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஊரார் குண்டைச் சேர்த்துவிட்டார்கள். தாங்கள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மணமாகி வந்த புதிதில் குழாயடியில் நானும் அந்தக் குண்டைச் சொல்லிப் பெருமைப்பட்டவள்தான்.

உப்பளம் மழைநீரில் மூழ்கிக் கிடந்த ஒரு ஐப்பசிப் பகலில், தங்கள் இடக்காலை என் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். குண்டு பாய்ந்த வடு எங்கே என்று கேட்டேன். காலை மடியிலிருந்து இழுத்துக்கொண்டீர்கள்.

“குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாக்ஸ் பனியில நனைஞ்சிருந்துச்சு. பூட்ஸக் கழட்டிப் பாருடான்னு கூட இருந்தவன் சொன்னான். எந்த நேரம் கூப்புடுவாங்களோன்னு நான் கழட்டல. மொதல்ல எரிஞ்சுது. அப்புறம் எரியல. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்.”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: “குண்டு பட்டா சிப்பாய் மேல குத்தம் இல்ல. காலு கெட்டா அது சிப்பாய் குத்தம். சண்டைக்கு ஒரு ஆளு கொறையுதில்ல? யாருகிட்டயும் சொல்லாத.”

நான் சொல்லவில்லை. தங்கள் இறுதிநாள் வரை சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கால்தான் தங்களை உப்பளத்தில் அப்படியொரு மேஸ்திரியாக ஆக்கியது. வேலை தொடங்குமுன் எல்லோரையும் வரப்பில் உட்காரவைத்துப் பாதங்களைக் காட்டச் சொல்வீர்கள். “ஏம்பா, நாங்க இன்னா குதிரையா, லாடம் பாக்கறியா?” என்று ஆண்கள் கேலி செய்தார்கள். “பொம்பள கால அப்படி இன்னா உத்து உத்துப் பாக்கற?” என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். தாங்கள் அசையவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “எரியுதா?” எரிகிறது என்றவரை எண்ணெய் பூசி வேலைக்கு அனுப்பினீர்கள்.

கன்னியம்மாள் மட்டும் ஒருநாள் பெருமையாகச் சொன்னாள். “எனக்குலாம் எரியறதே இல்ல அண்ணா. உப்புக்கே என்னக் கண்டா பயம்.”

தங்கள் முகம் மாறியதைப் பக்கத்துப் பாத்தியிலிருந்து நான் பார்த்தேன். அவள் காலைப் பற்றித் திருப்பினீர்கள். குதிகாலில் ஆழமான புண். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

“எறங்காத. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“இன்னா அண்ணா, வெளயாடுறியா? கூலி போயிடும்.”

“கூலி நாளைக்கு வரும். காலு வராது. ஏறுடி வண்டில!”

மருத்துவமனையில் சர்க்கரை நோய் என்றார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் லாடம் என்று கேலி செய்யவில்லை. தாங்கள் வரப்புக்கு வருமுன்பே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

இவ்வளவையும் இன்று முதன்முறையாக அவ்விருவரிடமும் சொன்னேன். தாங்கள் விதித்த தடையை அறிந்தே சொன்னேன். கன்னியம்மாள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உறுப்பினர் பக்கம் திரும்பி, “டேய், குண்டு கிண்டுன்னு போட்ட, அந்தக் கல்லத் தூக்கிக் கடல்ல போட்டுருவேன்” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பேனாவை என்னிடம் நீட்டினார்.

பள்ளிக்கூட வாசலை மிதித்திராத நான், தாலுகா அலுவலகச் சுவரில் ஒட்டிய அறிவிப்புகளையும் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளையும் எழுத்துக்கூட்டிக் கற்றவள் என்பது தங்களுக்குத் தெரியும். “இன்னாடி, தாசில்தாரு கணக்கா பேசுற” என்று தாங்கள் சிரித்த அதே நடையில்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயருக்குக் கீழே: ‘காலாட்படை வீரர். போர்முனையில், கடும்பனியில், கால்விரல்கள் மூன்றை இழந்தார். இவ்வுப்பளத்தில் உழைப்போர் கால்களைக் காத்தார்.’

தங்களுக்கு வருத்தமாயிருக்கலாம். ஆனாலும் ஒன்றைச் சிந்தித்தருள வேண்டும். அந்த விரல்களைக் குண்டு கொண்டுபோயிருந்தால், கன்னியம்மாளின் பேச்சைக் கேட்டு ஊரோடு சேர்ந்து தாங்களும் சிரித்திருப்பீர்கள். எரியாமல் போவதன் பொருள் தங்களுக்குத் தெரிந்திருக்காது. தாங்கள் குற்றமென்று மறைத்ததை நான் ஒருநாளும் குற்றமாகக் கண்டதில்லை. அழைப்பு வந்தால் உடனே எழ வேண்டுமென்று பூட்ஸோடு கிடந்தவர் என் கணவர். அதைக் கல்லில் படிக்க எனக்குத் தலைநிமிர்வே தவிர நாணமில்லை.

இப்போதெல்லாம் எவர் வந்தாலும் என் கண் முதலில் அவர் பாதத்துக்கே போகிறது. மருமகளிடமும், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடமும், செருப்பில்லாமல் நடக்கும் எவரிடமும் “எரியுதா?” என்று கேட்டுவிடுகிறேன். முறைப்பவர்களும் உண்டு. காட்டுபவர்களே அதிகம்.

கல்தச்சர் வெள்ளிக்கிழமை காலை எழுத்து வெட்டத் தொடங்குகிறார். மேற்கண்ட வாசகத்தில் தங்களுக்கு ஆட்சேபனை ஏதும் இருப்பின், அதற்கு முன்பாக விரைந்து பதில் எழுதவும்.