பொட்டு வைத்த ஐ.சி.

ஆவணி 25, புதன்

வெயில். தகரக் கூரை மேல் அப்பளம் பொரிக்கலாம். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி. ஒரு மணி நேரம் நின்று இரண்டு வாளி.

புது நோட்டு. "மலாய் வார்த்தைய எழுதிப் பழகுங்கண்ணே" என்று காதர் தம்பி கொடுத்தது. முதல் பக்கத்திலேயே வம்பு எழுதுகிறேன். கேட்டில் சோதனை போடுகிறவர்கள் கையில் சிக்கினால் என்ன ஆவது? எதற்கும் சொல்லி வைக்கிறேன். அ. என்றால் அஞ்சலை, என் சம்சாரம், மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவள். ரகசியக் குறி அல்ல. கா. என்றால் காதர், குருண் டவுன் மளிகைக்கடைக்காரரின் மருமகன், எங்கள் சாயந்திரப் பள்ளி வாத்தியார், வயது இருபத்து நாலு. நான் என்றால் நான். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் தொங்கவிடுகிறவன். நாற்பத்தேழு. தலையில் மிச்சம் பதினோரு முடி. எண்ணியது அ.

வகுப்பு நாலரை முதல் ஐந்தரை. ஆறு மணிக்கு முள்வேலிக் கேட் சாத்திவிடுவார்கள், அதற்குள் கா. சைக்கிளோடு வெளியே போயாக வேண்டும். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. என் முழங்கால் என் காதுக்குப் பக்கத்தில்.

படிப்பு எதற்கு: இந்த நாட்டுக் குடியுரிமைப் பேப்பர். ஆபீசர் முன்னால் நின்று மலாயில் பதில் சொல்ல வேண்டும். அ. இதே தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள், அவளுக்குக் கவலை இல்லை. நான் பதினோரு மாதப் பிள்ளையாக நாகப்பட்டினத்துக் கப்பலில், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவன். அந்த ஊர்க் கடற்கரை கறுப்பா வெளுப்பா தெரியாது. மலாய் தெரியுமா என்றால் தெரியும்: எவ்வளவு, குறை, வேண்டாம். இதை வைத்துக்கொண்டு ஆபீசரிடம் போனால் குடியுரிமைக்கு விலை பேசுகிற மாதிரி இருக்கும்.

இன்றைய பாடம்: மாக்கான் (சாப்பிடு), தீடோர் (தூங்கு), பாங்குன் (எழுந்திரு). நாற்பத்தேழு வருஷமாக நான் செய்துவரும் மூன்று வேலை. இதற்கு ஒரு புத்தகமா?

ஆவணி 28, சனி

ரேஷன் வரிசை. பால் டின்னைக் கடைக்காரர் கண் முன்னாலேயே ஆணியால் குத்திக் கொடுக்கிறார். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்குப் போய்ச் சேரக் கூடாதாம். வீடு வருவதற்குள் என் சட்டையில் பாதிப் பால். அ. நக்கிக்கொள்ளச் சொன்னாள்.

வரிசையில் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா:

"பேப்பர் இல்லாதவங்கள எல்லாம் கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவாங்களாமே!"

"யாருக்கா சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க லா. ஓவர்சியர் வீட்டு ஆயாவே சொல்லிச்சு."

அ. உடனே: "போனாப் போகட்டுங்க்கா. கோலா கெடா கரையில நின்னு கை காட்டிட்டு, வர்றப்ப மீன் வாங்கிட்டு வந்துடுவேன்."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மலாய்ப் புத்தகத்தைத் திறந்தேன்.

புரட்டாசி 5, ஞாயிறு

வெயில் முறிந்தது. மூன்று நாளாக மாலை மழை. விறகு ஈரம், புகைக்கூடத்தில் ஷீட்டை விட நான்தான் அதிகம் புகைந்தேன். வீட்டுக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல், ஒன்று நேராக என் தலையணை மேல். அ. தலையணையை நகர்த்தவில்லை. "முடி வளரும்."

அ. போட்ட வேலைப் பட்டியல்: கூரைக்குத் தார். விறகு பிளக்க. வாத்துக் கூண்டுக்குக் கதவு. செல்லம்மாக்காவிடம் இரவல் வாங்கிய உரலைத் திருப்ப. செய்தது: உரல். அதுவும் அவர்களே வந்து தூக்கிப்போனார்கள்.

கடிதம் வந்துவிட்டது. அலோர் ஸ்டார் ஆபீஸ், இந்த மாதம் 22, புதன், காலை ஒன்பதரை. ஐ.சி. கட்டாயம் கொண்டுவர வேண்டும். ஐ.சி. என்றால் போட்டோ ஒட்டிக் கைநாட்டு வைத்த அடையாளக் கார்டு. அது இல்லாமல் கேட் தாண்டினால் நேராக லாக்கப். எனக்கு வேலை வேலிக்கு உள்ளேயே, அதனால் கார்டைத் தினம் காட்டும் தொல்லை இல்லை.

புத்தகத்தில் பக்கத்தின் மூலையை மடித்தால் கா. முகம் சுருங்குகிறது. அதனால் அடையாளத்துக்குக் கைக்குக் கிடைத்ததைச் சொருகுகிறேன். தீக்குச்சி, வெற்றிலைக் காம்பு, இப்படி.

புரட்டாசி 13, திங்கள்

மழை. மரம் வெட்டு இல்லை. அ. வீட்டில். ஆகவே எனக்கு ஓய்வு இல்லை.

ஆபீசருக்காக ஒரு பேச்சே தயார் செய்து மனப்பாடம். சுல்தான் பெயர், மாநிலத்தில் விளைவது, பெண்டாங் பக்கத்து நெல்வயல், எல்லாம் வரும். இருபத்திரண்டு வாக்கியம். கா. கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அருமைண்ணே. ஆனா அவரு கேள்வி கேட்டா பதில் சொல்லணும். நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருக்கக் கூடாது."

"கேள்வி கேக்க அவருக்கு எடம் குடுத்தாத்தானே தம்பி!"

சின்னச் சின்ன வார்த்தையைப் படியுங்கள் என்கிறார். தீடோர், பாங்குன், தாகூட் (பயம்). வேண்டா வெறுப்பாகப் படித்தேன். தாகூட் மட்டும் உடனே மனதில் நின்றது.

விளக்கேற்றும் நேரத்தில் அ., அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலை தூக்காமல்:

"கப்பல்ல போனா எத்தன நாளாவும்?"

"ஏழெட்டு நாளுன்னு சொல்லுவாங்க."

"நீங்க வாந்தி எடுப்பீங்களே."

கல் பொறுக்கி முடித்த முறத்தையே திரும்பப் பொறுக்கினாள்.

புரட்டாசி 21, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

நாளை ஆபீஸ். சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டாயிற்று. செருப்பு கடன், செல்லம்மாக்கா வீட்டுக்காரருடையது, ஒரு விரல் வெளியே. ஐ.சி.யை எடுக்கப் போனால் ஐ.சி. இல்லை. தேடிய இடம்: டிரங்குப் பெட்டி, சாமி படத்துப் பின்பக்கம், அரிசி டின், பாய்க்கு அடியில், வாத்துக் கூண்டு. வாத்தின் மேல் எனக்கு இன்னமும் சந்தேகம் தீரவில்லை, ஆனால் அது நிரபராதி.

அ.: "கடைசியா எங்க பாத்தீங்க? கண்ண மூடி யோசிங்க."

மூடினேன். தெரிந்தது. ஏழாம் பாடம். பல்லி படம் போட்ட பக்கம். அங்கே வெற்றிலைக் காம்பு இல்லை, தீக்குச்சி இல்லை, நான் இருக்கிறேன், போட்டோவில், முறைத்துக்கொண்டு.

"புத்தகத்துல வெச்சிருக்கேன்! எங்க புத்தகம்?"

அ. வாயில் முந்தானை. நாளை சரஸ்வதி பூசை. வகுப்பிலிருந்த ஒன்பது பேர் புத்தகத்தையும் சேகரித்து, மஞ்சள் துணியில் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து மாரியம்மன் கோயிலில் ஏற்றிவிட்டார்கள். என் புத்தகத்தைக் கொடுத்தது அ. தான். "நீங்க பாஸாவணும்னுதான் மொதல்ல வெச்சேன், அடியில."

கோயிலுக்கு ஓட்டம். பூசாரி முனியாண்டி, பகலில் மரம் வெட்டு, சாயந்திரம் சாமிக்கு மேனேஜர். கையை விரித்தார்.

"வெச்சது வெச்சதுதான் மாமா. வெசயதசமி காலையிலதான் பிரிக்கணும். நடுவுல நம்ம கை பட்டா படிச்சவங்க அத்தன பேருக்கும் ஆவாது."

"நாளைக்கு நான் போவாட்டி கப்பல்டா!"

"கப்பல்ல போனாலும் படிப்பு கூட வரணுமில்ல?"

மற்ற எட்டு மாணவர்களும் அவர் பக்கம். அவர்களுக்கும் பரீட்சை இருக்கிறதே. யாரையும் குறை சொல்ல முடியாது. நான் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். தூறல். பதினோரு முடியும் நனைந்து ஒட்டியது.

அ. தான் மெல்ல ஆரம்பித்தாள்.

"பூசாரித் தம்பி, நம்ம கைதானே படக் கூடாது?"

"ஆமாக்கா."

"கேட்ட தாண்டுற மூட்டையெல்லாம் போலீசு பிரிச்சுப் பாக்கணும்ல? நாம வேணாம்னாலும் பிரிப்பாங்கல்ல?"

பூசாரி முகத்தில் மெதுவாகச் சிரிப்பு பரவியது.

"அது அரசாங்கம் பிரிக்கிறதுக்கா. நம்ம தப்பு இல்ல."

புரட்டாசி 22, புதன். சாயந்திரம்

முதலில் எழுதிவிடுகிறேன்: முடிந்தது. பாஸ். எழுத்து கோழி கிளறின மாதிரி. இனி வரிசையாக.

காலை ஆறு. தூறல். பூசாரி தலையில் மூட்டை, முன்னால் மணி, பின்னால் கற்பூரத் தட்டு. அ. குடை பிடித்தாள், மூட்டைக்கு. நான் நனைந்தேன். லயமே பின்னால்.

கேட்டில் ஸ்பெஷல் போலீஸ் உஸ்மான். இந்தப் பக்கத்துக் கம்பத்துக்காரர், அதாவது மலாய்க் கிராமத்து ஆள், நம்ம பேச்சு கொஞ்சம் வரும்.

"அண்ணே, என்னா இது? சாமி எங்க போவுது?"

பூசாரி பணிவாக, ஐயா என்பதற்கு மலாயில் என்சே போட்டு: "சோதனை போடுங்க என்சே. நல்லாப் போடுங்க."

உஸ்மானுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு வருஷமாக அவர் மூட்டையைத் தொட்டாலே சண்டைக்குப் போகிற கூட்டம். இன்று பிரி பிரி என்று கெஞ்சுகிறது. கண்ணில் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே என்ன, குண்டா? நான் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புத்தகம், பூசை, கார்டு, கப்பல், வாந்தி வரைக்கும்.

கேட்டு முடித்தார். துப்பாக்கியைச் சாத்தி வைத்தார். குழாயில் கை கழுவினார். பூட்ஸைக் கழற்றினார். அப்புறம்தான் முடிச்சை அவிழ்த்தார். செல்லம்மாக்கா குலவையிட்டார்.

மேலே பொரி.

"இது நாசி, சோறுதானே? அரிசி வெளிய போவக் கூடாது."

உஸ்மான் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார், பூசாரிக்கு ஒரு பிடி, எனக்கு ஒரு பிடி. "இப்ப உள்ள போச்சு. சரி."

அடியில் என் புத்தகம். ஏழாம் பாடம். கார்டு! ஆனால் சந்தனத் தண்ணீர் ஊறி, குங்குமம் இறங்கி, போட்டோவில் என் நெற்றி நடுவில் வட்டமாக ஒரு பொட்டு. உஸ்மானே மூட்டையை மறுபடி கட்டிப் பூசாரி தலையில் ஏற்றினார். நான் பஸ்ஸுக்கு ஓட்டம். செருப்பில் ஒன்று வரப்பில் தங்கிவிட்டது.

வழியெல்லாம் நெல் நடவு, பச்சை. பார்க்கவில்லை. இருபத்திரண்டு வாக்கியமும் உதட்டில்.

ஆபீசர் மலாய்க்காரர், என் வயது, நல்ல அடர்த்தியான முடி. பொறாமைப்படவும் நேரமில்லை. நான் "சுல்தான்" என்று வாய் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கார்டை முகர்ந்தும் பார்த்தார். மலாயில் கேட்ட முதல் கேள்வி: இது என்ன, நெற்றியில் சிவப்பு?

இருபத்திரண்டு வாக்கியத்தில் இதற்குப் பதில் இல்லை. தலைக்குள் வெறும் புகை. வாய் தானாகச் சொல்லியது:

"பூக்கு தீடோர், துவான்." புத்தகம் தூங்குது, துரை.

"ஹா?"

"காட் தீடோர் டாலாம் பூக்கு. சாயா தாகூட். மாத்தா-மாத்தா காசி பாங்குன்." கார்டு புத்தகத்துக்குள்ள தூங்குது. எனக்குப் பயம். போலீசு எழுப்பிவிட்டுச்சு.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். மேலும் கேட்டார். ஏன் தூங்குகிறது, எத்தனை நாள், எழுந்ததும் என்ன சாப்பிடும். எல்லாவற்றுக்கும் பதில் என்னிடம் இருந்தது! பொரி மாக்கான், துவான்! பக்கத்து மேசையில் கணக்கெழுதுகிற கிராணியெல்லாம் எழுந்து வந்து கேட்டார்கள். அரை மணி நேரம் மலாயில் பேசியிருக்கிறேன். எனக்கே தெரியாது.

முத்திரை. டப். பேப்பர் தபாலில் வரும்.

சுல்தான் பெயரைக் கடைசி வரை கேட்கவேயில்லை.

அ. கேட்டில் நின்றாள். காலையிலிருந்து அங்கேயே என்று உஸ்மான் சொன்னார். "ஆச்சா?" "ஆச்சு." "ஒரு செருப்பு எங்க?" அவ்வளவுதான். திரும்பி நடந்தாள். முந்தானையால் முகம் துடைத்தாள், மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

புரட்டாசி 23, வியாழன்

விஜயதசமி. மூட்டை முறைப்படி பிரிப்பு. கா. மாமா கடையிலிருந்து கற்கண்டு கொண்டுவந்தார், ஆளுக்கு ஒன்று. எல்லாரும் ஒரு வரி படிக்க வேண்டும். எனக்குப் பல்லிப் பக்கம்.

"சின்ன வார்த்தைய படிங்கன்னு சொன்னேனா இல்லியாண்ணே?"

"சொன்னீங்க தம்பி. நான் எங்க கேட்டேன்."

சாப்பிடும்போது அ. சாதாரணமாக: "ஒரு வேண்டுதல் இருக்கு. நீங்க இங்கயே இருந்தா மொட்ட போடுறதா மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்."

மனம் உருகிவிட்டது. எவ்வளவு நீளக் கூந்தல் அவளுக்கு! "ஏண்டி, ஒன் முடியப் போயி..."

"என் முடியா? யாரு சொன்னா?"

புரட்டாசி 26, ஞாயிறு

மொட்டை. பதினோரு முடியும் போயின. மாரியம்மனுக்குக் கட்டுப்படியாகுமா தெரியவில்லை. அ. சந்தனம் பூசிவிட்டாள், குளிர்ச்சி. வாத்து பயந்து ஓடியது.

புரட்டாசி 27, திங்கள்

நல்ல மழை. குருணில் செல்லம்மாக்கா வீட்டுக்காரருக்குச் செருப்பு வாங்க வேண்டும். கேட்டில் உஸ்மான். ஐ.சி.யை நீட்டினேன். போட்டோவைப் பார்த்தார்: முடி, பொட்டு. என்னைப் பார்த்தார்: முடியும் இல்லை, பொட்டும் இல்லை. முகத்தை வேண்டுமென்றே கடுமையாக்கிக்கொண்டு,

"இது யாரு?"

"சாயாலா, என்சே," என்றேன். "ஓராங் சினி." நான்தான். இந்த ஊர் ஆள்.

வழி விட்டு, கேட்டின் குறுக்குக் கம்பை உயர்த்தினார்.