மாடிப்படி க்யூஆர் கோடும் எங்கள் அறிவியல் மிஸ்ஸின் பணிநீக்கமும்

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி
(பள்ளியில் "ரேடியோ" என்று கேட்டால் காவலாளி அண்ணா வரை எல்லோருக்கும் தெரியும்)

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: அறிவியல் ஆசிரியையின் தற்காலிகப் பணிநீக்கத்தை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வகுப்பில் அறிவியல் என்றாலே பெயிலாகிற கடைசி பெஞ்சு மொத்தமும் திருப்புதல் தேர்வில் பாஸாகிவிட்டது, அதைச் செய்து காட்டிய மிஸ்ஸைத்தான் தாங்கள் வீட்டில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

1. மிஸ் எங்களுக்கு நடத்தியது புதையல் வேட்டை. பள்ளி முழுவதும் க்யூஆர் கோடுகளை ஒட்டிவைப்பார். குழுவுக்கு ஒரு டேப்லெட். கோடை ஸ்கேன் செய்தால் ஒரு கேள்வி வரும். விடை சரியென்றால் அடுத்த இடம் தெரியும். தூரப்பார்வைக் குறைபாடு உள்ளவருக்குக் குவிலென்ஸ் என்று சொன்னால், காவலாளி அண்ணாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அடுத்தது இருக்கும். தப்பாகச் சொன்னால் பூட்டிய சாமான் அறைக்குப் போய் நிற்போம். அங்கே கதவில் இருக்கும் கோடு, "போய்ப் படிச்சுட்டு வாங்க கண்ணுங்களா" என்று மட்டும் காட்டும். அந்தக் கதவை எங்கள் குழுதான் அதிகம் பார்த்திருக்கிறது.

2. என் தோழியை ஒட்டடைக்குச்சி என்று அழைப்போம். அவ்வளவு உயரம். உட்கார வைத்துப் படிக்கச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் அவளுக்கு ஏறாது. ஓடவிட்டால் ஏறியது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடிய என்னை இழுத்து நிறுத்தி, "லூசு, வால்வு மூடிட்டா ரத்தமே திரும்பி வராது, நீ எதுக்குடி திரும்பி ஓடுற" என்று திட்டியவள் அவள். இதயப் பாடத்தில் அதற்கு முன்பு அவள் வாங்கியது பூஜ்யம். இந்த வருடம் பெயிலானால் சித்தப்பாவின் துணிக்கடையில் நிற்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அது மிஸ்ஸுக்கும் தெரியும்.

3. ஆய்வுக்கு வந்த அதிகாரி மாடிப்படிக்குக் கீழே ஒட்டியிருந்த கோடைத் தன் போனில் ஸ்கேன் செய்தார். கேள்வி வரவில்லை. காசு கட்டி ஆடும் சீட்டாட்ட விளம்பரம் வந்தது, பாட்டோடு. தலைமையாசிரியர் எங்கள் எல்லோர் முன்னாலும், "என்ன மிஸ் இது, ஸ்கூலா கிளப்பா" என்று கேட்டார். அன்று மாலையே கோடுகளைக் கத்தியால் சுரண்டி எடுத்தார்கள்.

4. நடந்தது என்னவென்று தயவுசெய்து கேளுங்கள் ஐயா. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே தேடித் தெரிந்துகொண்டேன். க்யூஆர் கோடில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் போக வேண்டிய முகவரி அதற்குள்ளேயே இருக்கும், மாறவே மாறாது. இன்னொன்று, அதைத் தயாரித்துக் கொடுத்த இணையதளத்துக்குப் போய், அங்கிருந்துதான் நம் பக்கத்துக்கு வரும். வாரம் ஒரு கேள்வி மாற்றலாம், புதிதாக அச்சடித்து ஒட்ட வேண்டாம் என்று மிஸ் இரண்டாவதை எடுத்தார். இலவசக் காலம் முடிந்ததும் அந்தத் தளம் கேள்வியைத் தூக்கிவிட்டுத் தன் விளம்பரத்தைப் போட்டுவிட்டது. மிஸ் செய்த தவறு அவ்வளவுதான். குற்றப்பத்திரிகையில் "மாணவர்களைச் சூதாட்டத்திற்கு வழிநடத்தினார்" என்று எழுதியிருக்கிறார்களாம்.

5. இதை நிரூபிக்க அதே தளத்தில் நானும் ஒரு கோடு செய்தேன். அதற்குள் "வணக்கம்" என்று மட்டும் எழுதினேன். இலவசக் காலம் முடியும் வரை காத்திருந்தேன். வணக்கம் போய்விட்டது, அதே சீட்டுக்கட்டு, அதே பாட்டு. ஓடிப்போய்த் தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. "ஸ்கூலுக்கு போன் கொண்டு வந்தியா" என்றார். போன் இப்போது அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அப்பா வந்தால்தான் கிடைக்கும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

6. முதல் இரண்டு மனுக்களைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். எழுத்தர் அம்மா நல்லவர்தான். "ஐயா பார்ப்பாரு பாப்பா, நீ போய்ப் படி" என்றார். எங்களுக்கு இப்போது விளையாட்டு ஆசிரியர் கைடைப் பார்த்து வாசிக்கிறார். நிறுத்தற்குறிகூட விடாமல் வாசிக்கிறார், பாவம், அவருக்கும் புரியவில்லை.

7. தேர்வு முடிவைச் சொல்ல ஒட்டடைக்குச்சியைத் தேடிப் போனேன். அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கடையில் துணி அளந்துகொண்டிருந்தாள். "பாஸா? சரி. பப்ளிக்குக்கு யாருடி ஓட வைப்பா" என்று கேட்டுவிட்டு அடுத்த துணியைப் பிரித்தாள். ரேடியோ என்று பெயர் வாங்கியவள் விடைத்தாளை மட்டும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

8. பிறகு மிஸ் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னோடதுதான்டா, கொஞ்ச நாள்தான் இலவசம்னு அடியில பொடி எழுத்துல போட்டிருந்தான், நான் படிக்கல" என்றார். வியாழக்கிழமை விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறாராம், வேலையையும் விட்டுவிடப் போகிறாராம். "இனி எந்தப் பிள்ளை முன்னாடியும் போய் நிக்க முடியாதும்மா" என்றார். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஆகவே ஐயா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. நான் செய்த கோடை அச்சடித்து இத்துடன் இணைத்துள்ளேன். மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்கும் முன் தங்கள் போனில் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். அதன் பிறகும் அவர் எங்களைச் சூதாடத்தான் அனுப்பினார் என்று தங்களுக்குத் தோன்றினால், நான் நான்காவது மனு எழுத மாட்டேன்.

இம்மனுவின் நகல், தெரிந்தவர்கள் போன் வழியாக, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் போடப்படுகிறது. படிப்பவர்கள் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்புங்கள். வியாழன் காலை கல்வி அலுவலக வாசலுக்கு வாருங்கள். கோஷம் வேண்டாம், அட்டை வேண்டாம், சும்மா நின்றால் போதும். வருகிறேன் என்று ஒரு வரி பதில் போடுங்கள். முதல் இரண்டு மனுக்களைப் போட்டபோது யாரும் பதில் போடவில்லை. மிஸ் உள்ளே போகும்போது வாசலில் நான் மட்டும் நின்றால், இனி எந்தப் பிள்ளை முன்னாலும் நிற்க முடியாது என்று தான் சொன்னது சரிதான் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இடம்: பள்ளி சைக்கிள் நிறுத்துமிடம்
நாள்: விசாரணைக்கு முந்தைய திங்கள்

தங்கள் பதிலை எதிர்பார்க்கவும் பயப்படும்,
(ஒப்பம்) ரேடியோ
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு