கால்தான் பெரிது

அன்புள்ள பக்கத்து நாற்காலிக்கு,

நலம்தானே? ஆசிரியர் அறையில் உன் இடத்தில் இப்போது ஓவிய டீச்சர் உட்காருகிறார். அலமாரிச் சாவியை நீ எடுத்துப் போய்விட்டாய் என்று தலைமையாசிரியர் இரண்டு முறை சொல்லிவிட்டார். அனுப்பிவிடு.

செவ்வாய்க்கிழமை நீ நடத்திய ஆசிரியர் பயிற்சிக்கு நானும் வந்திருந்தேன். நான்காவது வரிசை, தூணை ஒட்டி. மேடையில் நன்றாகவே பேசினாய். முதல் பத்து நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

என் வகுப்பில் தவறான கணக்கை யாரும் அழிக்கக் கூடாது. ஏன் அப்படிப் போட்டேன் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். அந்தத் தாள்களை ஒட்டி வைத்த நோட்டைத்தான் நீ மூன்று நாள் வாங்கிப் போனாய். இது இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று பிள்ளைகளிடம் சொல்லித்தான் எழுத வைத்தேன். உனக்கும் தெரியும். "நான் படிக்கத்தான்டி, யார்கிட்டயும் காட்ட மாட்டேன்" என்றாய்.

திரையில் முதலில் வந்ததே அந்தப் பெண்ணின் தாள். அரை பெரிதா, கால் பெரிதா என்ற கேள்வி. அவள் கையெழுத்தோடு அப்படியே போட்டிருந்தாய்: "கால்னா நாலு பேருக்கு, அரைன்னா ரெண்டு பேருக்கு. எங்க வீட்ல நாலு பேர் இருந்தப்போ அம்மா நிறைய சமைப்பாங்க. இப்ப ரெண்டு பேருதான். சில நாள் சமைக்கிறதில்ல. அதனால கால்தான் பெருசு."

"என் கிளாஸ்ல ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தாய். "கணக்கு வரலன்னாலும் பசி நல்லா வருது" என்றாய். அரங்கமே சிரித்தது.

என் வகுப்பை உன் வகுப்பு என்று சொன்னதைப் பற்றி எழுத உட்காரவில்லை. அதைத் தனியாக ஒருநாள் அழுதுகொள்கிறேன்.

சிரித்தவர்களில் அவளுடைய அத்தையும் இருந்தார். வேறு பள்ளியில் டீச்சர். கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டு அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். "எங்கண்ணன் உன் தம்பியைக் கூட்டிட்டுப் பிரிஞ்சு போனதுல இருந்து உங்கம்மா அடுப்பே மூட்டலன்னு ஊருக்கே எழுதிக் கொடுத்துட்டியாடி" என்று கேட்டாராம். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாராம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவள் என்னிடம் சொன்னாள்.

புதன்கிழமையிலிருந்து அவளுக்கு எல்லாக் கணக்கும் சரியாக வருகிறது. பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுகிறாள். கூட நாலைந்து பேர் அப்படியே ஆரம்பித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை உனக்கு அடுத்த ஊரில் பயிற்சி என்று சுற்றறிக்கையில் பார்த்தேன். தபால் அதற்குள் வந்து சேராது. உன் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆசிரியர்களின் பொது இணையதளத்திலும் அந்த நோட்டை ஏற்றியிருக்கிறாய். கேள்விகளையும் என் குறிப்புகளையும் வைத்துக்கொள், உன் பெயரிலேயே இருக்கட்டும். பிள்ளைகளின் தாள்களை மட்டும் எடுத்துவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

யார் காட்டினார்கள் டீச்சர் என்று அவள் கேட்டாள். நான்தான் என்றேன். அவளுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். அது அப்படியே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நிறைய பேச வேண்டியிருக்கும் வேலை, தொண்டை கட்டும்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு ஆசிரியை