முருகேஸ்வரிக்கு வந்த சீட்டு

மூணாறு, 12.2.2025

மரியாதைக்குரிய டாக்டரம்மாவுக்கு, வீரபாண்டி சொல்ல, எங்கள் பக்கத்து ஆஷா சுகாதார ஊழியர் ஜிஸ்மி எழுதுவது.

போன குறிஞ்சிக்கு முந்தின குறிஞ்சி பூத்த வருஷம் அது. பலாப்பழ ஜீப்பை யானை கவிழ்த்ததும் அந்த வருஷம்தான். எஸ்டேட்டில் பிள்ளை பார்க்கும் கொட்டகையில் முகாம் போட்டீர்கள். உங்கள் மேசையைச் சுமந்து வந்தவன் நான். அன்றைக்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதி இது.

கர்ப்பப்பை வாய்ச் சோதனையில் மூன்று பேரை மறுபடி வரச்சொல்லிச் சீட்டு வந்தது. மதலேனம்மாள், சரஸ்வதியம்மாள், முருகேஸ்வரி. முருகேஸ்வரி என் வீட்டுக்காரியின் அக்காள். கல்யாணமாகிச் சிவகிரிக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் வேலையில், அவள் பேரில், என் வீட்டுக்காரிதான் கொழுந்து கிள்ளினாள். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலையும் போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். அதனால் முகாமிலும் அதே பேரைக் கொடுத்திருந்தாள்.

சீட்டைப் பார்த்தவள் அதை அக்காளுக்குத் தபாலில் அனுப்பிவிட்டாள். “பேரு அவ பேருதான, அவளே பாத்துக்கிடட்டும்” என்றாள். அந்த மகராசி பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சோதித்து, ஒன்றுமில்லை என்று பதில் போட்டாள். இவள் சந்தோஷத்தில் கேசரி கிண்டினாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் மறுசோதனைக்கு வந்த உங்கள் ஜீப்பை மறித்தேன். பேரைச் சொல்ல வாய் வராமல் நின்றவனிடம் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பேரு கெடக்குதுங்க. ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

அன்றைக்கே வைத்தியம் பார்த்தீர்கள். கார்டில் பேர் எழுதாமல் விட்டீர்கள். அந்த நன்றியைச் சொல்லத்தான் இது.

கைநாட்டு,
வீரபாண்டி

முதலமடை, 24.2.2025

அன்புள்ள வீரபாண்டி அண்ணனுக்கு,

கேசரி கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு பயந்தேன். சில வருஷம் விட்டிருந்தால் அது புற்றாகியிருக்கும்.

அப்போது முகாம் வேலை எனக்குப் புதிது. சீட்டு வாங்கியவர்கள் வராவிட்டால் அலட்சியம் என்று நினைத்துக்கொள்வேன். நீங்கள் ஜீப்பை மறித்த பிறகு, ஓய்வு பெறும்வரை ஒரு முகாமிலும் வெறும் சீட்டை அனுப்பியதில்லை. வீடு தேடிப் போக ஒரு பெண்ணை வைத்துக்கொண்டேன். எத்தனையோ பேர் அப்படித்தான் பிழைத்தார்கள். நன்றி சொல்ல வேண்டியவள் நான்.

அந்த மூவரும் எப்படி இருக்கிறார்கள்? பேரில்லாத கார்டு என்னிடம்தான் இருக்கிறது. இப்போதாவது எழுதிவிடட்டுமா?

அன்புடன்,
சிவசங்கரி

மூணாறு, 9.3.2025

டாக்டரம்மாவுக்கு வீரபாண்டி சொல்லி எழுதுவது.

மதலேனம்மாள் இரண்டு வருஷத்துக்கு முன், ஈஸ்டர் பூசைக்குப் போய் வந்து நெஞ்சுவலியில் போனார். சரஸ்வதியம்மாள் திருப்பூரில் மகன் வீட்டில், கொரோனாவில். நீங்கள் கண்டுபிடித்த நோயில் இரண்டு பேருமே போகவில்லை. அக்காள் முருகேஸ்வரியும் தை மாசம் சிவகிரியில் காலமானாள்.

அக்காள் வயசுக் கணக்குப்படி என் வீட்டுக்காரியை நாலு வருஷம் முன்னதாகவே ரிட்டயராக்கி அனுப்பினார்கள். லயத்தை விட்டு மகன் வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி அந்தப் பேரை யாரும் கூப்பிடப் போவதில்லை. பயப்படவும் ஒன்றுமில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து, கேசரி கிண்டவேயில்லை என்று ஜிஸ்மியிடம் சாதித்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் ஊர் மாம்பழம் பழுக்கும்போது உங்களை வந்து பார்க்க வேண்டுமாம்.

கார்டை எடுங்கள் அம்மா. மூன்று பேரில் உயிரோடு இருப்பது இவள் ஒருத்திதான். எழுதிக்கொள்ளுங்கள்: சாந்தம்மாள்.