பிள்ளைகளுக்கு ஏற்ற வீடு

பெருங்குடி, சென்னை
12 ஜனவரி 2025

என் பிரியமான ஆக்ஸி,

உன் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் மலைப்பூண்டுப் பொட்டலமும் வந்து சேர்ந்தன. டேனி அண்ணனுக்கு டாக்சி ஓட்டம் எப்படி? ஜூலியட் உயரமாகிவிட்டாளா?

போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். விடுதியில் ஒரே அறையில் இருந்துகொண்டே சண்டைக்குச் சண்டை கடிதம் எழுதிக்கொண்டவர்கள்தானே நாம். விஷயம் இதுதான்: நாங்கள் சென்னையை விடப்போகிறோம். சக்திவேலுக்கு ஏழு வயது. மரம் வரையச் சொன்னால் பால்கனித் தொட்டியோடு சேர்த்து வரைகிறான். சின்னவளுக்கு வருடத்தில் எட்டு மாதம் மூச்சிரைப்பு. அவருக்கு மதுரைக் கிளைக்கு வாரம் ஒரு நாள் போனால் போதும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மதுரைக்குப் போய்வரும் தூரத்தில் எந்தப் புறநகர் நல்லது என்று அவர் அட்டவணை போட்டார். திருமங்கலம், வாடிப்பட்டி, திண்டுக்கல், கொடைக்கானல். காற்று, பள்ளி, தண்ணீர் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். கொடைக்கானல் முதல் இடம்!

பழனி அடிவாரத்தில் வளர்ந்தவள் நான்; மலையை அண்ணாந்து பார்த்ததோடு சரி. நீ மேலேயே பிறந்தவள். எந்தப் பகுதி பார்க்கலாம்? பிள்ளைகள் வளர வீடு எப்படி இருக்க வேண்டும்? விளம்பரம் மாதிரி இல்லாமல் உன் பாணியில் விரிவாக எழுது. அவர் எதைக் காட்டினாலும் ‘தகவல் போதவில்லை’ என்கிறார்.

உன்
தாரணி


நாயுடுபுரம்
24 ஜனவரி 2025

அன்புள்ள தாரணி,

கொடைக்கானல் மதுரையின் புறநகர் என்று கண்டுபிடித்த முதல் மனிதர் உன் வீட்டுக்காரர்தான். வெள்ளைக்காரர்கள்கூட இதற்குத் துணியவில்லை. அவர்கள் ஏறி வந்தால் மூன்று மாதம் இறங்கமாட்டார்கள்.

கேட்டதற்குப் பதில். வட்டக்கானல் அழகு. ஆனால் சனி, ஞாயிறுகளில் உன் வாசலில் நின்று யார் யாரோ போட்டோ எடுப்பார்கள். பிள்ளைகள் பின்னணியில் நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஆடலூரில் காப்பியும் மிளகும் நல்ல மனிதர்களும் உண்டு. இரவில் மூச்சிரைத்தால் டாக்டருக்கு மலை இறங்க வேண்டும். சின்னவளுக்கு ஆகாது. ஆகவே நாயுடுபுரம் பார்.

வீட்டைப் பற்றி எங்கள் வீட்டை வைத்தே சொல்கிறேன், இதுபோல் ஒன்று தேடு. பின்சுவர் மலைச்சரிவு மண்ணில் சாயக்கூடாது; சாய்ந்தால் ஈரம் ஏறி, பிள்ளைகளின் நெஞ்சுக்கு வந்துவிடும். எங்கள் சுவர் விலகி நிற்கிறது. காலை ஏழு மணிக்கு வெயில் வந்து அடுப்பு மேடையில் உட்காரும். பத்து மணிக்கு நாமாக எழுப்பினால்தான் போகும். ஊற்றுத் தண்ணீர் தொட்டியில் விழுவதால் ஏப்ரலிலும் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம். கொல்லைப்புறப் படிக்கட்டில் ஏறினால் பன்னிரண்டு நிமிடத்தில் பள்ளி. சாலையைக் கடக்கவே வேண்டாம். சீசனில் ஊரே காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஜூலியட் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். வாடகை வீடுதான். ஆனால் பதினோரு வருடமாக இருக்கிறோம். அவள் நடக்கப் பழகிய தரை அது.

நீ வந்தால் சந்தோஷம். எனக்குப் பேச ஆள் கிடைக்கும்.

உன்
ஆக்ஸி


பெருங்குடி
16 பிப்ரவரி 2025

ஆக்ஸி கண்ணே,

உன் கடிதம் எங்கள் வீட்டில் பாடப்புத்தகம் ஆகிவிட்டது. அவர் மூன்று முறை படித்தார். கல்யாணமான இந்தப் பத்து வருடத்தில் நான் எழுதியது எதையும் அவர் மூன்று முறை படித்ததில்லை. அதில் வீட்டைப் பற்றிய வரிகளை மட்டும், ஆள் பெயர்களை எடுத்துவிட்டு, அப்படியே தட்டச்சு செய்து அங்கே செல்வமுருகன் என்ற தரகருக்கு அனுப்பிவிட்டார். ‘இதில் ஒன்றும் குறையக்கூடாது’ என்று கீழே ஒரு வரி. “இவ்வளவு தெளிவா கேட்ட பார்ட்டிய நான் பாத்ததே இல்ல சார்” என்றாராம்.

இன்னொரு நல்ல செய்தி. சக்திவேலுக்கு நீ பாடம் நடத்தும் பள்ளியிலேயே இடம் கேட்டிருக்கிறோம். பெரிய பள்ளிகள் வேண்டாம், இயல்பான பிள்ளைகளோடு வளரட்டும் என்கிறார் அவர். ஜூலியட் வகுப்புதான் கிடைக்கும் போலிருக்கிறது.

உன்
தாரணி


நாயுடுபுரம்
19 மார்ச் 2025

அன்புள்ள தாரணி,

சனிக்கிழமை செல்வமுருகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். “ஏலே டேனி, சும்மா பாக்கத்தான் வந்தேன். ஒரு பார்ட்டி கேக்குறாங்க, எங்கயாச்சும் அப்படி இருக்கான்னு மாதிரி பாக்கணும்” என்றார். கையில் ஒரு தாள். ஒவ்வொரு அறையிலும் நின்று டிக் அடித்தார். பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். அடுக்களையில் சத்தமாகவே வாசித்தார்: “காலை ஏழு மணிக்கு வெயில் வந்து அடுப்பு மேடையில் உட்காரும்... சரியாத்தான் இருக்கு! யாரோ இந்த ஊரையே கரைச்சுக் குடிச்சவங்க எழுதியிருக்காங்கக்கா.”

நான் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு டிக்குக்கு ஒரு மடக்கு என்று குடித்தார்.

மறுநாள் பூசை முடிந்ததும் வீட்டுச் சொந்தக்காரர் ஞானமுத்து ஐயா வந்தார்.

“ஆக்ஸி, நீ தங்கமான பிள்ளை. பதினோரு வருசத்துல எனக்கு ஒரு சோலி வச்சதில்ல. ஆனா மெட்ராஸ்காரங்க கேக்குறாங்கம்மா. பிள்ளைக வளர நல்ல எடம் வேணுமாம். பாவமாத்தான் கெடக்கு.”

“எங்க பிள்ளை வளர வேண்டாமாங்கய்யா?” என்றார் டேனி.

“உம் பிள்ளைதான் இங்கயே பொறந்துருச்சேப்பா” என்றார். பிறகு அவர்கள் தரும் வாடகையைச் சொன்னார். டேனி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

பள்ளி விடுமுறைக்குள் காலி செய்ய வேண்டும். மூன்று நாளாக வீடு தேடுகிறோம். நாயுடுபுரத்தில் வீடுகள் ஒரு நாளைக்குக் கிடைக்கின்றன, ஒரு வருடத்துக்குக் கிடைப்பதில்லை. எல்லாம் காட்டேஜ் ஆகிவிட்டன.

நீ தெரிந்து செய்யவில்லை என்று நம்புகிறேன். நான் விலாசத்தைக் கடிதத்துக்குள் எழுதவில்லை; அது உறையின் பின்னால்தான் இருந்தது. இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த வீடு வேண்டாம் என்று செல்வமுருகனிடம் ஒரு வார்த்தை சொல். வேறு வீடு நானே தேடித் தருகிறேன். உனக்கு ஊரெல்லாம் வீடு கிடைக்கும், எனக்கு இது ஒன்றுதான்.

பதில் சீக்கிரம் போடு.

ஆக்ஸி


பெருங்குடி
3 ஏப்ரல் 2025

என் உயிர் ஆக்ஸி,

உன் கடிதத்தை நான்கு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். சத்தியமாக எனக்குத் தெரியாதடி. புகைப்படம் வந்தபோது எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. எல்லா மலை வீடும் ஒரே மாதிரிதானே என்று விட்டுவிட்டேன்.

அவரிடம் சொன்னேன். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, பள்ளியில் இடமும் உறுதியாகிவிட்டது, உணர்ச்சிவசப்பட்டு முடிவை மாற்றினால் பிள்ளைகள்தான் கஷ்டப்படும் என்கிறார். நாம் எடுக்காவிட்டால் ஒரு காட்டேஜ்காரன் எடுப்பான், நாமாவது குடும்பம் என்கிறார். யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. சின்னவளுக்குப் போன வாரம்கூட நெபுலைசர் வைத்தோம். நீயும் ஒரு தாய். நீ என்னைப் புரிந்துகொள்வாய்.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. வீட்டில் ஒரு பின்னறை சும்மாதானே இருக்கும். பள்ளி நாள்களில், திங்கள் முதல் வெள்ளி வரை, நீயும் ஜூலியட்டும் அங்கே தங்கிக்கொள்ளுங்கள். வாடகையே வேண்டாம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் போதும். சமையலுக்கு நாங்கள் ஆள் வைக்கிறோம், அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள். பழைய விடுதி வாழ்க்கை மாதிரியே இருக்கும்!

கேட்க மறந்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டி வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? செல்வமுருகனுக்குத் தெரியவில்லை.

என்றும் உன்
தாரணி


பண்ணைக்காடு
29 ஜூன் 2025

மதிப்பிற்குரிய திருமதி தாரணி குமரகுரு அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வால்வை இடப்பக்கம், மெதுவாகத் திருப்ப வேண்டும். பின்னறையைத் தர நினைத்ததற்கு நன்றி. எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நாங்கள் பண்ணைக்காட்டுக்கு வந்துவிட்டோம். தங்கள் கணவரின் அட்டவணையில் இந்த ஊர் இல்லை, சேர்த்துக்கொள்ளலாம். கொடைக்கானலுக்குப் போய்வரும் தூரத்தில் உள்ள புறநகர். காற்றுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆறேகால் பேருந்தைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரம். வளைவுகளில் ஜூலியட் வாந்தி எடுக்கிறாள். “வெள்ளனே ஒண்ணும் குடுக்காம ஏத்துங்க டீச்சர், வெரசா பழகிரும்” என்றார் நடத்துநர் அழகுமலை. அவர் சொன்னது சரி. இப்போது வெறும் வயிற்றோடு ஏறுகிறாள். பிரார்த்தனை மணி அடிப்பதற்குள் ஆசிரியர் அறையில் அவளுக்கு இட்லி கொடுக்கிறேன். டேனி வண்டியைச் சீசன் முடியும்வரை மேலேயே நிறுத்தி, அதிலேயே படுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. சக்திவேல் வெள்ளிக்கிழமை தன் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் அழைப்பு அட்டை கொடுத்தான். நல்ல பையன். ஜூலியட்டுக்குத் தானே ஒரு பூ வரைந்து கொடுத்திருக்கிறான். அவள் விலாசத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“அம்மா, இவன் நம்ம வீட்லயா இருக்கான்?”

ஆமாம் என்றேன்.

“நம்மள அவங்கதான் போகச் சொன்னாங்களா?”

இல்லை, நாமாகத்தான் வந்தோம், அப்பாவுக்கு இந்த ஊர் பிடித்திருந்தது என்றேன். நம்பிவிட்டாள். தன் பழைய அறையைப் பார்க்கலாம் என்ற சந்தோஷத்தில் இருக்கிறாள். என் பிள்ளையிடம் நான் சொன்ன முதல் பொய். தங்களிடம் கேட்டாலும் இதையே சொல்லுங்கள். அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் அவள் அம்மாதான் என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். தங்களிடம் நான் கேட்பது இனி இது ஒன்றுதான்.

பிறந்தநாளன்று பள்ளி விட்டதும் படிக்கட்டு வழியாக அவளைக் கொண்டுவந்து விடுவேன். நான் உள்ளே வரமாட்டேன். வாசல் கேட் அருகில் நிற்பேன், அழைக்க வேண்டாம். எங்கள் கடைசிப் பேருந்து ஐந்தரைக்கு. கேக்கை ஐந்து மணிக்குள் வெட்டினால் அவளும் இருப்பாள். தாமதமானால் அவளை அனுப்பிவிடுங்கள். அவள் பங்கு என்று எதையும் எடுத்து வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆக்ஸிலியா டேனி