வாங்கியவரே சொல்ல வேண்டும்

ஜூன் 2

நாளை வேலையில் சேர வேண்டும். நம்ம சப்ஸ்டேஷனை இனிமேல் ஒரு தனியார் கம்பெனிதான் ஓட்டப்போகிறது. அதில் நான் ஆபரேட்டர். டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, சர்டிபிகேட்டைப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்து, இத்தனை வருஷம் கழித்து ஒரு வேலை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இவரிடம் சொன்னபோது சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. நம்ம சப்ஸ்டேஷன் லைன்களுக்கு இவர்தான் வாரிய லைன்மேன். தனியாருக்குக் கொடுக்கக்கூடாது என்று போராடுகிற சங்கத்துக்குக் கறம்பக்குடிப் பக்கம் செயலாளரும் இவர்தான். "என் பொண்டாட்டியே அங்கிட்டுப் போனா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கொடி புடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஜூன் 3

சப்ஸ்டேஷன் வாசலில் கோஷம். முன்வரிசையில் இவர். நான் காலையில் கட்டிக்கொடுத்த புளிச்சோறு இவர் பைக்கில் தொங்குகிறது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். கேட்டைத் தாண்டும்போது மட்டும் இவர் குரல் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. இறங்கியதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா?

ஜூன் 4

பேசவில்லை.

ஜூன் 12

இன்னும் இல்லை. எல்லாம் அத்தை வழியாகத்தான். "அம்மா, சோறு போடச் சொல்லு." "அம்மா, சாவி எங்கன்னு கேளு." நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். இன்று அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு இருக்குறது ஒரு தொண்டை. ரெண்டு பேருக்கும் சேத்து நான் எம்புட்டுத்தான் பேசுறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 20

இன்று இவர் என்னோடு பேசினார்.

கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன் சப்ஸ்டேஷனில் அந்த லைனை நிறுத்தி, தப்பித்தவறி வருகிற கரண்ட் மண்ணுக்குள் போக எர்த் கம்பியும் மாட்டித் தர வேண்டும். அதுதான் எல்.சி., லைன் கிளியர். கேட்கிறவரும் கொடுக்கிறவரும் போனில் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் வாங்கியவரே தன் வாயால் சொன்னால்தான் மறுபடி கரண்ட் விடலாம். பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது.

"மேடம், லைன்மேன் எழிலரசன் பேசுறேன். மழையூர் ஃபீடர் லைனுக்கு எல்.சி. வேணும்."

மேடமாம். நானும் விடவில்லை, சொல்லுங்க சார் என்றேன். இவர் சொன்னதை நான் சொல்லி, நான் சொன்னதை இவர் சொல்லி... இத்தனை நாளில் நாங்கள் பேசிக்கொண்ட பெரிய பேச்சு அதுதான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் – எங்கேயாவது ஒரு தென்னை மட்டை லைனில் விழாதா என்று அதிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. நல்ல ஆபரேட்டர்தான் நான்.

ஜூலை 3

லைனில் மயில் அடிபட்டு, ட்ரிப் ஆகிக் கரண்ட் நின்றது. எல்.சி. கேட்டார். மேடம், சார். பாவம் அந்த மயில்.

ஜூலை 17



மதியம் இவர் எல்.சி. வாங்கினார். சாயங்காலம் போன் வந்தது. பேசியது இவர் இல்லை, பிச்சைமுத்து. ஒப்பந்தக் கூலியாகப் பல வருஷமாக இவரோடு கம்பம் ஏறுகிறவர். வேலை முடிந்துவிட்டது, லைனை விடச்சொல்லி அண்ணன் சொன்னார் என்றார். வாங்கியவர்தான் சொல்ல வேண்டும், அண்ணனிடம் போனைக் கொடுங்கள் என்றேன். அண்ணன் பேசமாட்டேன் என்கிறார் என்று இழுத்தார். கம்பெனிக்காரிக்கு மேடம் போடுகிற ஆளு என்று மதியம் எல்.சி. கேட்டதைப் பார்த்துச் சங்கத்து ஆள் யாரோ கிண்டல் பண்ணிவிட்டார்களாம். அந்தக் கோபம்.

போனை வைத்துவிட்டேன். கரண்ட் விடவில்லை.

ஊரெல்லாம் கூப்பிட்டுத் திட்டியது. திருச்சியிலிருந்து கம்பெனி சூப்பர்வைசர் செம்மல் கத்தினார். யார் சொன்னால் என்ன, உடனே விடு, இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே என்றார். எனக்கும் முதலில் வீம்புதான். அப்புறம்தான் தோன்றியது. பிச்சைமுத்து சொன்னது நெசந்தானா? இவரு கோவத்துல இன்னொரு கம்பத்துல ஏறியிருந்தா? நான் பாட்டுக்கு விட்டு – ஐயோ, எழுதக்கூட முடியலையே. வேலை போனாப் போகட்டும். இந்த மனுசன் குரலக் கேக்காம நான் கைய வைக்க மாட்டேன்னு உக்காந்துட்டேன்.

கடைசியில் இவரே கூப்பிட்டார். "எழிலரசன் பேசுறேன். ஆளெல்லாம் எறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. லைனை விடலாம்."

"நீங்க எறங்கிட்டீங்களா?"

எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி.

"எறங்கிட்டேன் வனிதா."

லைனை விட்டேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 18

"அம்மா, அவ நேத்துச் செஞ்சது சரிதான்னு சொல்லிரு." அத்தை என்னைக் காட்டி, அவ இங்கதானே நிக்கிறா என்றார். இவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். செம்மல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேலை இருக்கிறது.

ஆகஸ்ட் 9

மருந்து வாங்கக் கறம்பக்குடிக்கு பைக்கில் போனோம். பாதி வழியில் முன்னால் பார்த்தபடியே சொன்னார். "அந்த ஆபரேட்டர் வேலைக்கு, என்னைக்காச்சும் பிச்சைமுத்துவ நிரந்தரமா எடுத்துருவாங்கன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். கஜா புயல்ல எங்கூட ராப்பகலாச் சேத்துல நின்னவன்."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பிச்சைமுத்து ஒரு நாளும் என்னிடம் முகம் கோணியதில்லை. இவருக்குள் இருந்தது கொடியும் சங்கமும் மட்டும் இல்லை. வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். மனசாரத்தான் கேட்டேன்.

"நீ விட்டா அவனுக்கா குடுக்கப்போறாங்க? இரு."

இவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தேன். நான் வேலைக்குப் போனது தப்பென்று இப்போதும் தோன்றவில்லை. இவர் கோபம் தப்பென்றும் தோன்றவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

செப்டம்பர் 15

இனி எல்.சி. எல்லாம் மொபைல் ஆப்பில்தானாம். இவர் கேட்டால் என் திரையில் வரும். நான் ஒப்புக்கொண்டால் இவருக்கு ஒரு நம்பர் போகும். போனே வேண்டாம், யார் வாங்கியது என்ற குழப்பமும் வராது என்று செம்மல் விளக்கினார். நல்ல ஏற்பாடுதான். எனக்குத்தான் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறது. இதை யாரிடம் சொல்ல?

அக்டோபர் 6

ஆப்பில் முதல் எல்.சி. மழையூர் ஃபீடர். திரையில் இவர் பெயர் வந்தது. லைனை நிறுத்தினேன், எர்த் போட்டேன், ஒப்புதலைத் தொட்டேன். நம்பர் போய்ச் சேர்ந்ததாகவும் காட்டியது. அவ்வளவுதான், சத்தமே இல்லை.

போன் அடித்தது.

"எல்.சி. குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேனே. ஒங்க போன்லயே காட்டுமே."

"காட்டுது." பின்னால் காற்றுச் சத்தம். "நீ சொல்லு. அப்புறந்தான் ஏறுவேன்."

மழையூர் ஃபீடர் நிறுத்தியாச்சு, பார்த்து ஏறுங்க என்றேன்.